மலைச் சமூகங்களின் அறிவு, ஆய்வு, பள்ளிக்கூடம்: நீலகிரியிலும் பழனி மலையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஆய்வுக்காக வரும் கல்லூரி மாணவர்கள், மலைப்பள்ளிகளுக்குப் புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், தங்கள் ஊரைத் தாங்களே பதிவு செய்ய நினைக்கும் பழங்குடி இளைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஓர் அறிவு யாரிடம் இருக்கிறதோ அவர்களே அதற்கு உரியவர்கள். பதில்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த மலைகளில் எந்தெந்தச் சமூகங்கள் வாழ்கின்றன?

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள் என்று அரசு தனியாக வகைப்படுத்தியவை ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறும் நீலகிரியில் உண்டு. குறும்பர் என்ற ஒரே சொல்லுக்குள் ஆலு குறும்பர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் என்று பேச்சும் பழக்கமும் வேறான பல குழுக்கள் இருக்கின்றன. படுகர் பல தலைமுறையாக இங்கே வேளாண்மை செய்துவரும் பெரிய சமூகம். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் இல்லை. சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருந்துவருகிறது. பழனி மலையில் பளியர், புலையர் முதலானோர் வாழ்கிறார்கள்.

ஆகவே 'நீலகிரிப் பழங்குடியினரின் பண்பாடு' என்று தலைப்பு வைத்துக்கொண்டு வராதீர்கள். ஆறு சமூகங்களைப் பற்றி ஆறு பொதுவாக்கியங்கள்தான் மிஞ்சும். ஒரு மந்து (தோடர் ஊர்) அல்லது ஒரு கோக்கால் (கோத்தர் ஊர்), அதில் ஒரே ஒரு பொருள் என்று சுருக்கிக்கொண்டால் ஓர் ஆண்டில் உருப்படியாக ஏதாவது செய்யலாம்.

எத்தனை பேர் தோட மொழியோ கோத்த மொழியோ பேசுகிறார்கள் என்று மக்கள்தொகைக் கணக்கில் பார்க்க முடியுமா?

நேரடியாக முடியாது. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் தாய்மொழிகளை 2011 கணக்கெடுப்பின் வெளியிடப்பட்ட மொழிப் பட்டியல் தனித்தனியே காட்டுவதில்லை. 'பிற' என்று சேர்த்துவிடுகிறது. படுகர் பேசும் படுகு கன்னடத்தின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர், எழுத்தறிவு 54.34 விழுக்காடு (மாநில அளவில் 80.09) போன்ற மொத்த எண்கள் அதில் கிடைக்கும். மொழியின் நிலையை அறிய வேண்டுமானால் ஊரில் உட்கார்ந்து வீடுவீடாகக் கேட்பதைத் தவிர வழியில்லை. கேட்கும்போது 'உங்கள் தாய்மொழி என்ன' என்று நிறுத்திவிடாமல், தாத்தா பேரனிடம் எந்த மொழியில் பேசுகிறார், பேரன் எந்த மொழியில் பதில் சொல்கிறான் என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். மொழி எந்தத் தலைமுறையில் நழுவுகிறது என்பது அந்த இரண்டாவது பதிலில்தான் தெரியும்.

யாரிடம், எந்த வரிசையில் அனுமதி கேட்பது?

முதலில் ஊர். ஆய்வுத் திட்டம் கல்லூரியில் ஒப்புதலாகி, கேள்வித்தாள் அச்சாகி, அதற்குப் பிறகு ஊருக்குப் போனால், ஊர் சொல்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. தலைப்பு முடிவாகும் முன்பே ஒரு முறை போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, என்ன கேட்க வந்திருக்கிறீர்கள், அதனால் அவர்களுக்கு என்ன என்று சொல்லுங்கள். தலைவர் ஒருவர் தலையசைத்தால் ஊரே சம்மதித்ததாகிவிடாது. பெண்கள் வைத்திருக்கும் அறிவைப் பற்றிய ஆய்வென்றால் பெண்களிடம் தனியாகக் கேட்கவேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(1)(k)இல் வரும் உரிமை, பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்குள்ள அறிவுசார் சொத்துரிமையை ஏற்கிறது. கிராமசபையில் பேசி முடிவெடுப்பதற்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது.

அடுத்தது உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு. அதன்பின் வனத்துறை. முதுமலை போன்ற காப்பகங்களுக்குள் ஆய்வுக்காக நுழைய, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 28இன்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். செடி, விதை, தேன் மாதிரி எடுப்பதானால் விண்ணப்பத்தில் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். நுழைவு அனுமதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாதிரி எடுத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. குடியிருப்புகளுக்குப் போவது குறித்துப் பழங்குடியினர் நலத்துறைக்கும் எழுதிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று மாதமாவது கையில் இருக்கட்டும்.

நூலகம், அருங்காட்சியகம், முந்தைய அறிக்கைகள் பார்க்க ஊட்டி அருகே முத்தொரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போகலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதாதா?

போதாது. இந்த மலைகளில் காகிதத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. படிவத்தை நீட்டியதும் பேச்சு நின்றுபோவதற்குக் காரணம் அதுதான். அதைப் 'படிப்பறிவின்மை' என்று குறிப்பெழுதிக்கொள்வது தவறு. பேச்சுவழி ஒப்புதலை ஒலிப்பதிவாக வாங்குவது பல இடங்களில் பொருத்தமாக இருக்கிறது. அதற்கு உங்கள் நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுதி அனுமதி பெறுங்கள்.

ஒரே கேள்வியாக 'சம்மதமா' என்று கேட்டு முடித்துவிடாதீர்கள். பேசலாமா? குரலைப் பதியலாமா? படம் எடுக்கலாமா? பெயர் போடலாமா? வகுப்பில் போட்டுக் காட்டலாமா? இணையத்தில் ஏற்றலாமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறாக வரும். முதல் ஐந்துக்கும் சரி என்றவர் ஆறாவதுக்கு வேண்டாம் என்பது சாதாரணம். ஒவ்வொரு பதிலையும் அந்தந்தக் கோப்பின் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். தனி நோட்டில் எழுதினால் நோட்டு ஒருபக்கம் போகும், கோப்பு இன்னொரு பக்கம் போகும். ஐந்தாண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு எதுவும் தெரியாது. வெளியிடும் முன் மறுபடி கேளுங்கள். பேசும்போது கொடுத்த சம்மதம் அச்சில் பார்க்கும்போது மாறக்கூடும். மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

எவற்றைப் பதியவே கூடாது?

கோயிலைச் சுற்றியவை, இறுதிச் சடங்கு, மந்திரம், மருந்தின் முழுச் செய்முறை ஆகியவற்றை அவர்களாக அழைக்காமல் தொடாதீர்கள். தோடர் கோயில்களுக்கு அருகே வெளியார் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பதற்குக்கூட முறை இருக்கிறது. கேட்டுவிட்டு நில்லுங்கள். செல்பேசியில் தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுப்பதும் எடுப்பதுதான்.

தேனடைப் பாறை, மருந்துச் செடி நிற்கும் இடம், கிழங்குச் சரிவு ஆகியவற்றின் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிடவே வேண்டாம். செல்பேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும். படம் எடுக்கும் முன் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

செடி, கிழங்கு, மருந்து பற்றிய அறிவைப் பதிவதில் எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் பட்டியலில். பளியரிடம் போய் 'என்னென்ன கிழங்கு சாப்பிடுவீங்க' என்று திண்ணையில் கேட்டால் நான்கு பெயர் வரும், அட்டவணை நிரம்பும், ஆனால் அறிவு பதிவாகியிருக்காது. அனுமதியோடு கூடப்போய், தோண்டும் இடத்தில் கேளுங்கள்.

அங்கே பார்க்கவேண்டியவை இவை. கொடி பச்சையாக இருக்கும்போதா, காய்ந்தபிறகா தோண்டுகிறார்கள்? காய்ந்தபிறகு என்றால் மண்ணுக்குள் கிழங்கு இருப்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? குழி எவ்வளவு ஆழம், சரிவின் மேற்பக்கத்திலிருந்தா கீழ்ப்பக்கத்திலிருந்தா தோண்டுகிறார்கள்? கொடி முளைக்கும் தலைப்பகுதியை வெட்டி மண்ணிலேயே விட்டு மூடுகிறார்களா? அடுத்த பருவத்துக் கிழங்கு அந்தத் துண்டிலிருந்துதான் வரும். போன ஆண்டு ஒருவர் தோண்டிய குழியை இன்னொருவர் தொடலாமா? இந்தக் கடைசிக் கேள்வியில் சூழலியலும் சொத்துமுறையும் ஒன்றாக வெளிவரும். 'அவர்கள் காட்டை நேசிக்கிறார்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட அந்த ஒரு துண்டு கிழங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது மேல்.

பக்குவத்தையும் விடாதீர்கள். சில காட்டு வள்ளிகளைச் சீவி, நாள்கணக்கில் ஓடும் நீரில் ஊறவைத்து, அவித்தால்தான் நச்சு போகும். 'உண்ணத்தக்கது' என்று ஒரே சொல்லில் அச்சடித்தால் அதைப் படித்துச் சமைப்பவர் மருத்துவமனைக்குப் போவார்.

ஊர்ப்பெயரை மட்டும் வைத்து அறிவியல் பெயரைப் பொருத்தாதீர்கள். இருளர் ஊரில் ஒரு செடிக்கு உள்ள பெயர் பளியர் ஊரில் வேறொரு செடிக்கு இருக்கலாம். பூவோ காயோ உள்ள மாதிரியை அனுமதியோடு எடுத்து அழுத்திக் காயவைத்து, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடத்தில் சரிபாருங்கள். தவறான ஒரு பெயர் ஓர் ஆய்வேட்டில் ஏறிவிட்டால் அடுத்து வரும் ஆய்வேடுகள் எல்லாம் அதையே எடுத்தாளும்.

அந்த அறிவிலிருந்து மருந்தோ பொருளோ உருவானால்?

பல்லுயிர்ச் சட்டம் 2002 (2023இல் திருத்தப்பட்டது) இதற்காகவே வந்தது. வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ உயிரினங்களையும் அவை சார்ந்த அறிவையும் ஆய்வுக்கு எடுக்க, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். இந்திய ஆய்வாளர் முடிவுகளை வெளிநாட்டுக்குக் கைமாற்றவும் அதைப் பெறவேண்டும். காப்புரிமை கோருவதற்கும் அந்தச் சட்டத்தில் தனி விதிகள் உண்டு. உள்ளூர் அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். அந்தப் பதிவேட்டில் எதை எழுதுவது, எதை எழுதாமல் வைப்பது என்பதை ஊரார் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். எழுதியது எழுதியதுதான்.

பக்கத்து மாநிலத்து எடுத்துக்காட்டு ஒன்று இங்கே தேவை. அகத்திய மலையின் காணி மக்கள் களைப்பு நீக்கத் தின்னும் ஆரோக்கியப் பச்சையை 1987இல் அறிவியலாளர்களுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. திருவனந்தபுரத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் தயாரிப்பு உரிமம் வழங்கியது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. உலகம் முழுக்கப் பாராட்டப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் காணி அறக்கட்டளை உரிமம் கைமாறிய பிறகு 1997இல்தான் உருவானது. சமூகம் அமைப்பாகத் திரளும் முன்பே பேரம் முடிந்திருந்தது. நீலகிரியில் எவரும் இதே வழியில் போவதானால் வரிசையை மாற்றவேண்டும்: முதலில் சமூகத்தின் அமைப்பு, பிறகு ஒப்பந்தம், அதன்பிறகே செடி.

இரத்த மாதிரி, உடல்நல ஆய்வு?

இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கும் நோய்க்குக் காரணமான அரிவாள் செல் மரபணு இந்தியாவில் இருப்பது 1952இல் முதன்முதலாகப் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். இன்றும் இங்கே மாதிரி எடுக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இப்படிப்பட்ட ஆய்வுக்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்கின்றன. நடைமுறையில் இரண்டு விஷயங்களைக் கறாராகப் பாருங்கள். முடிவு அந்த நபருக்குத் தனியாக, அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேரவேண்டும். மரபணுவைத் தாங்கியிருப்பதும் நோய் இருப்பதும் வேறுவேறு என்பதை விளக்காமல் முடிவைச் சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும்.

குரல் பதிவு எப்படிச் செய்வது? தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டால் ஆகாதா?

தமிழ் எழுத்து மட்டும் போதவில்லை. தோட மொழியில் மூன்று இடங்களில் ஒலிக்கும் ரகர வகைகளும் பல உரசொலிகளும் உண்டு. படுகிலும் இருளத்திலும் தமிழில் இல்லாத உயிரொலிகள் உண்டு. தமிழ் எழுத்தின்மேல் புள்ளி, கோடு என்று அடையாளம் சேர்த்து ஒரு முறையை ஊர் இளைஞர்களோடு சேர்ந்து முடிவுசெய்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிக்கோப்பையும் இணையுங்கள். எழுத்தில் பிழை இருந்தாலும் குரல் அதைக் காப்பாற்றும்.

அழுத்தப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். சட்டையில் குத்தும் மைக்குக்குக் காற்றுத்தடுப்புப் பஞ்சு அவசியம். மலைக்காற்றில் அது இல்லாமல் எடுத்த பதிவில் இரைச்சல்தான் மிஞ்சும். தகரக்கூரையின் கீழ் மழையில் பதிய முடியாது. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம் என்பதைப் பார்த்துத் திட்டமிடுங்கள். ஈரத்தில் கருவிகள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அன்றைய பதிவை அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள்.

பேசியவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கவேண்டும். அன்று தோட்டத்துக்குப் போயிருந்தால் வாங்கியிருக்கும் கூலிக்குக் குறையக் கூடாது. பாட்டுக்கும் கைவினைக்கும் அதற்கு மேல். தொகையை முதலிலேயே, எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். ரகசியமாகக் கொடுப்பது ஊருக்குள் சண்டை மூட்டும். காப்பிப்பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியிலும் மலைத்தேன் எடுக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் ஆட்களை நிறுத்திவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள்.

வகுப்பறையில் இந்த அறிவை எப்படிக் கொண்டுவருவது?

'பழங்குடி தினம்' என்று உடை மாட்டி ஆடவைப்பதைக் கைவிட்டுவிட்டுப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். கணக்கிலிருந்து தொடங்கலாம்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006, 2018, அடுத்தது 2030. அதை வைத்துப் பளியர் வயதைக் கணக்கிட்ட வழக்கம் உண்டு. ஆறாம் வகுப்பில் இப்படிக் கேளுங்கள்: வாழ்நாளில் சரியாக மூன்று பூப்பு பார்த்தவரின் வயது என்ன? பிள்ளைகள் சட்டென்று 36 என்பார்கள். பிறந்த ஆண்டே முதல் பூப்பையும், இப்போதுதான் மூன்றாவதையும் பார்த்தவருக்கு 24. ஒரு பூப்பு முடிந்த மறுநாள் பிறந்து, நான்காவது பூப்புக்குக் காத்திருப்பவருக்கு ஏறக்குறைய 48. விடை ஓர் எண்ணாக இல்லாமல் ஓர் இடைவெளியாக வருகிறது. சமனின்மை என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

தோடர் பூத்தையல் இன்னொன்று. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், வரைபடம் எதுவும் போடாமல், துணியின் இழைகளை எண்ணியே பெண்கள் தைக்கிறார்கள். சமச்சீர், மடங்கு, ஆயத்தொலை எல்லாம் அதில் இருக்கின்றன. தைக்கும் பெண்ணையே ஆசிரியராக அழைத்து, விருந்தினர் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தைக் கொடுங்கள். இந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளைகள் கட்டத்தாளில் வரைந்து பழகுவது வேறு. பள்ளிச் சந்தையில் 'தோடர் தையல்' என்று பெயரிட்டு விற்பது வேறு. இரண்டாவது கூடாது.

அறிவியலுக்குப் புல்வெளியை எடுங்கள். தோடர் எருமை மேய்த்த மேட்டுநிலப் புல்வெளிகளை வெளியிலிருந்து வந்த நிர்வாகங்கள் தரிசு என்று கருதி வாட்டில் மரமும் தைலமரமும் நட்டன. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததே இந்த மலையின் நீர்த்தொட்டி என்பதை இப்போது சூழலியல் சொல்கிறது. அந்நிய மரங்களை அகற்றும் வேலையும் நடக்கிறது. மேய்த்தவர்களின் கண்ணையும் நட்டவர்களின் கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாக வாதாடுவார்கள்.

முதல் வகுப்பில் பிள்ளை மாதக்கணக்கில் பேசவே இல்லை. மந்தமா?

பெரும்பாலும் இல்லை. வீட்டில் பணிய மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பாடநூல் தமிழ் இன்னொரு மொழி. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அரசமைப்பின் 350அ உறுப்பும் தொடக்க நிலைக்கு அதையே சொல்கிறது. ஆசிரியர் முதல் மாதத்தில் அந்த மொழியில் ஐம்பது சொல்லாவது கற்றுக்கொள்ளட்டும்: பசி, பயம், வலி, ஒன்றுக்கு வருகிறது, புரியவில்லை, அம்மா எங்கே. வண்ணங்களும் எண்களும் பிறகு. கரும்பலகையில் படம், வீட்டுச்சொல், தமிழ்ச்சொல் என்று மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். வீட்டுச்சொல்லுக்குத் தண்டனையோ சிரிப்போ கூடவே கூடாது. கூடலூரில் வித்யோதயா பள்ளி ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது. பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் இருப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

பழைய மானிடவியல் நூல்களைப் பாடமாக வைக்கலாமா?

வைக்கலாம், காலத்தைச் சொல்லி. மானிடவியலாளர் ரிவர்ஸ் 1901-02இல் தோடரிடையே களப்பணி செய்து 1906இல் நூல் வெளியிட்டார். குடும்பக் கொடிவழிகளை விரிவாகத் திரட்டினார். மொழியியலாளர் எமெனோ 1930களின் பிற்பகுதியில் தோட, கோத்த மொழிகளைப் பதிந்தார். இவை இன்று பேரப்பிள்ளைகளுக்கே பயன்படும் ஆவணங்கள். ஆனால் அந்தக் கால மணமுறைகளை 'தோடர் இப்படிச் செய்கிறார்கள்' என்று நிகழ்காலத்தில் வகுப்பில் வாசித்தால், மூன்றாம் பெஞ்சில் இருக்கும் தோடர் பிள்ளை அன்று மதியத்திலிருந்தே கேலிக்கு ஆளாகும். தன் சமூகத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் கல்லூரி மாணவர்கள் பலருக்கு அந்தக் கூச்சம் இப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான் தொடங்கியது.

பழங்குடி மாணவர் தன் சமூகத்தையே ஆய்வு செய்ய விரும்பினால் உதவி உண்டா?

மத்திய பழங்குடியினர் நலத்துறையின் தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்கு உண்டு. சாதிச் சான்றிதழ் தாமதம்தான் பலரைத் தடுக்கிறது. முதுகலை முதலாண்டிலேயே விண்ணப்பித்து வாங்கிவையுங்கள். வழிகாட்டி ஒருவர் 'சொந்தச் சமூகம் என்றால் நடுநிலை இருக்காது' என்று சொன்னால், மொழியும் உறவும் தெரிந்திருப்பதால் எந்தத் தரவு கூடுதலாகக் கிடைக்கும், எதை எழுத மறுப்பீர்கள் என்று முறையியல் இயலில் வெளிப்படையாக எழுதிக்கொடுங்கள். வெளியாரும் அதை எழுதவேண்டும் என்பது எங்கள் கருத்து.

முடிந்தபின் ஊருக்கு என்ன கொடுப்பது?

ஆய்வேட்டின் பிரதியைக் கொடுத்தால் அது பரணுக்குப் போகும். ஒலிப்பதிவுகளைக் குடும்பவாரியாகப் பிரித்து, வாட்ஸப்பில் கேட்கும் அளவுக்குச் சுருக்கிய பிரதிகளை மெமரி கார்டில் கொடுங்கள். பெரிய எழுத்தில், தமிழில், முப்பது பக்கத்துக்கு மிகாத கையேடு ஒன்று. சமர்ப்பிக்கும் முன் ஊரில் ஒரு மாலை முழுக்க வாசித்துக் காட்டுங்கள்; பிழைகளை அவர்கள் அங்கேயே சொல்வார்கள். திருத்த ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

பதிவை நீக்கச் சொல்லி ஒரு குடும்பம் கேட்டால்?

பேசியவர் இறந்தபின் அவர் குரலைச் சில காலம் கேட்க வேண்டாம் என்று வீட்டார் சொல்வதுண்டு. இணையத்தில் இருந்தால் அன்றே இறக்குங்கள், காரணம் கேட்காதீர்கள். காப்பகத்தில் உள்ள மூலத்தை அழிப்பதா, பூட்டிவைப்பதா, எத்தனை ஆண்டுக்கு என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கோப்பின் குறிப்பில் தேதியோடு எழுதுங்கள். பிரதி வாங்கிய மாணவர்கள், நூலகங்கள் ஒவ்வொருவருக்கும் தகவல் அனுப்புங்கள். யாருக்கெல்லாம் பிரதி கொடுத்தீர்கள் என்ற பட்டியலை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால்தான் இது முடியும்.